ஏர் ரைஃபிள் பெல்லட்டின் புதிய பேட்ச் தரமானதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே நிறுவனத்தின் பெல்லட், டப்பாவின் மேல் அதே 4.50 (மில்லிமீட்டர்) என்ற தலை அளவு, நகைக்கடைத் தராசில் போட்டுப் பார்த்தாலும் அதே 0.53 கிராம், ஆனாலும் புதிய டப்பாவைத் திறந்ததிலிருந்து ஸ்கோர் இறங்கிவிட்டது, குறை பெல்லட்டிலா என்னிடமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுபவர் என்றும், "பெல்லட்டைக் குறை சொல்லாதே" என்று உங்கள் கோச் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருப்பார் என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிஸ்டல் சுடுபவராக இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் தேவைப்படாது. பிஸ்டல் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ரைஃபிள் இலக்கில் அது 0.5 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு புள்ளி மட்டுமே.

நான் பெல்லட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் அல்லன். மாநில அளவில் சுட்டவன். இப்போது ஒரு கிளப்பில் துப்பாக்கிகளையும் பெல்லட் இருப்பையும் கவனித்துக்கொள்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பேட்ச் நல்லதா என்பதைத் தராசு சொல்லாது, உங்கள் பேரல்தான் சொல்லும். அதுவும் பழைய பேட்ச்சையும் புதியதையும் ஒரே நாளில், ஒரே துப்பாக்கியில், மாற்றி மாற்றிச் சுட்டால்தான் சொல்லும்.

தராசை ஏன் ஒதுக்குகிறேன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட் 10 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.06 வினாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் புவியீர்ப்பால் சுமார் 17 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. அதே காற்றழுத்தத்தில் எடை ஒரு சதவீதம், அதாவது 5 மில்லிகிராம், கூடினால் வேகம் அரை சதவீதம் குறையும், இறக்கம் 0.17 மில்லிமீட்டர் கூடும். ரைஃபிள் இலக்கில் மையத்திலிருந்து ஒவ்வொரு 0.25 மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 புள்ளி குறைகிறது என்பதால், 5 மில்லிகிராம் வித்தியாசம் 0.1 புள்ளிக்குக்கூட முழுதாகப் போதாது. ஒரு டப்பாவுக்குள்ளேயே எடை 10, 15 மில்லிகிராம் ஏறி இறங்கினால் அந்தத் தயாரிப்பில் கவனக் குறைவு இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அந்த அளவுக்குத்தான் தராசு பயன்படும். எடை சரியாக இருக்கிறது என்பதற்காக பேட்ச் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

வித்தியாசம் வேறிடத்தில் பிறக்கிறது. பெல்லட் என்பது ஈயக் கம்பியைத் துண்டாக்கி அச்சில் அழுத்தி உருவாக்கப்படும் பொருள். அச்சு நாளடைவில் தேயும், தேய்ந்ததை மாற்றுவார்கள், ஒரே மாடல் பெல்லட்டை ஒன்றுக்கு மேற்பட்ட இயந்திரங்களிலும் அழுத்துவார்கள். ஜெர்மனியின் ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என் ஆனாலும் சரி, செக் நாட்டின் ஜேஎஸ்பி ஆனாலும் சரி, இதற்கு விலக்கல்ல. அதனால்தான் தலையின் விட்டத்தை 4.49, 4.50, 4.51 என்று பிரித்து விற்பதோடு, டப்பாவின் மேல் லாட் எண்ணையும், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுப்பு என்று காட்டும் எண்ணையும், போடுகிறார்கள். தட்டையான தலை பேரலின் உள்வரிகளில் (உள்ளே திருகுபோல் ஓடும் பள்ளங்களில்) ஒட்டி உட்கார வேண்டும்; ஸ்கர்ட் எனப்படும் மெல்லிய பின்விளிம்பு காற்றழுத்தத்தில் விரிந்து பேரலை அடைக்க வேண்டும். தலை ஒரு நூலிழை சிறுத்தாலும், ஸ்கர்ட்டின் விளிம்பு ஒருபக்கம் தடித்தாலும், பெல்லட் பேரலுக்குள் சற்றே சாய்ந்து பயணிக்கும். வெளியே வந்ததும் அந்தச் சாய்வு இலக்கில் தெரியும். எடை மட்டும் மாறியே இருக்காது.

உங்கள் கேள்வி என்னை எழுதவைத்ததற்குக் காரணம் எங்கள் கிளப்பில் சுடும் ஒரு பள்ளி மாணவி. நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தவளின் ஸ்கோர் திடீரென்று இறங்கியது. பத்துக்கு மேல் போகும் (அதிகபட்சம் 10.9) ஷாட்டுகள் குறைந்தன, இடையிடையே காரணமே தெரியாமல் ஒரு 9.8 விழுந்தது. தேர்வு பயம் என்றார் கோச். பிராணாயாமம் செய்யச் சொன்னார்கள், மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போகலாமா என்று வீட்டில் யோசித்தார்கள். அந்தப் பெண் தன் மீதே நம்பிக்கை இழந்துகொண்டிருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அவள் ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டியபோது, இறக்கம் தொடங்கிய வாரமும் புதிய டப்பா பிரித்த வாரமும் ஒன்றாக இருந்தன. நல்லவேளையாக, பழைய டப்பாவில் ஒரு கைப்பிடி மீதம் இருந்தது.

ஒரே மாதிரியான இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்களின் அடியில் எனக்கு மட்டும் தெரியும்படி ஒரு குறி போட்டேன். ஒன்றில் பழையது, மற்றொன்றில் புதியது. ஆக்ஷனின் (பேரல் பொருந்திய இயங்கு பகுதியின்) திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, சிலிண்டரில் காற்று போதுமா என்று பார்த்து, பேரலை ஃபெல்ட் உருண்டையால் சுத்தம் செய்து, துப்பாக்கியை மணல் மூட்டையின் மேல் வைத்து உட்கார்ந்து சுடச் சொன்னேன். பேட்ச் மாறும் ஒவ்வொரு முறையும், பேரல் புதிய ஈயத்துக்குப் பழகுவதற்காக முதல் சில ஷாட்டுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. பழையது, புதியது, புதியது, பழையது என்ற வரிசையில் கொடுத்தேன். நேரம் போகப் போகக் கை தளர்வதும் காற்றழுத்தம் மாறுவதும் ஒரு பேட்ச்சின் தலையில் மட்டும் விழக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஒவ்வொரு பத்து ஷாட்டுக்கும் புதிய காகித இலக்கு. எந்தக் கிண்ணத்தில் என்ன என்று அவளுக்கும் தெரியாது, கோச்சுக்கும் தெரியாது.

முடிவில் இலக்குகளை மேசையில் பரப்பி, ஓட்டையை மட்டும் பார்த்து இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். ஒரு பிரிவில் பத்து ஷாட்டும் ஒரே வட்ட ஓட்டையாக, விளிம்பு நறுக்கென்று வெட்டியதுபோல் இருந்தது. மற்றதில் ஓட்டை நீள்வட்டமாக இழுபட்டு, ஓரத்தில் இலை நுனிபோல ஒரு கிழிசல் துருத்திக்கொண்டிருந்தது. திருப்பிப் பார்த்தால், கிழிசல் இருந்தவை அத்தனையும் புதிய டப்பா. கோச் வெர்னியரை வாங்கித் தாமே அளந்தார். பழையதில் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை 5.5 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில், புதியதில் 7.5. பெல்லட்டின் விட்டமான 4.5-ஐக் கழித்தால் முதலாவதில் ஷாட்டுகளின் மையங்களுக்கிடையே அதிகபட்சம் 1 மில்லிமீட்டர், இரண்டாவதில் 3 மில்லிமீட்டர். அதாவது எந்தத் தவறும் செய்யாமல் சுட்டாலும் பழையதில் மோசமான ஷாட் 10.8 பக்கம் நிற்கும், புதியதில் 10.4 வரை இறங்கும். அதற்கு மேல் மனிதக் கையின் அசைவு சேர்கிறது.

பிறகு இரண்டு வகையிலும் சில பெல்லட்டுகளைச் சுடாமல், மென்மையான உறை போட்ட கோலால் பேரல் வழியே மெதுவாகத் தள்ளி எடுத்து, லென்ஸில் பார்த்தோம். பழையதில் தலையைச் சுற்றி உள்வரிகளின் தடம் முழுதாகப் பதிந்திருந்தது. புதியதில் ஸ்கர்ட்டில் மட்டும் தடம். தலையில் ஒருபக்கம் லேசான கீறல், மறுபக்கம் பளபளப்பு மாறாத ஈயம். இரண்டு டப்பாவிலும் 4.50 என்றுதான் அச்சிட்டிருந்தது.

இதைப் படித்துவிட்டு, "பெல்லட்டைக் குறை சொல்பவர்கள் பயிற்சி செய்யாதவர்கள்" என்று யாரேனும் எழுதக்கூடும். பயிற்சி வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. தொடக்க நிலையில் 9-க்கும் 10-க்கும் நடுவில் அலைபவருக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை. அவர் கிடைத்த பெல்லட்டைச் சுட்டு நிற்கும் முறையைச் சரிசெய்வதே நல்லது. ஆனால் 60 ஷாட்டில் 620-க்கு மேல் எடுப்பவரிடம் அதே பதிலைச் சொல்வது அநியாயம். ஷாட்டுக்கு 0.1 குறைந்தால் 60 ஷாட்டில் 6 புள்ளி. 2024 பாரிஸ் ஒலிம்பிக் மகளிர் ஏர் ரைஃபிள் தகுதிச்சுற்றில் இந்தியாவின் ரமிதா 631.5 எடுத்து ஐந்தாம் இடத்தில் இறுதிக்குப் போனார். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்துப் பத்தாம் இடத்தில் நின்றார். அதற்கும் பெல்லட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. 0.8 புள்ளிக்குள் ஐந்து இடங்கள் அடங்கிவிடும் விளையாட்டு இது என்பதற்காக மட்டுமே சொல்கிறேன்.

பத்து ஷாட் போதுமா என்றும் கேட்பார்கள். ஒரே இலக்கில் அடுத்தடுத்துச் சுட்ட ஷாட்டுகளின் தொகுப்பைக் குரூப் என்போம்; ஒரே ஒரு குரூப்பை வைத்து முடிவு செய்தால் போதாது. ஐந்து ஷாட் குரூப் இன்னும் மோசம், அதிர்ஷ்டத்திலேயே அழகாக விழும். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் பல குரூப் எடுத்து, மிகச் சிறியதைப் பார்த்து மகிழாமல், எல்லாவற்றின் சராசரியையும் மிகப் பெரியதையும் பாருங்கள். வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) ஆக்ஷனைப் பொருத்தும் வசதி உங்கள் ரேஞ்சில் இருந்தால் மணல் மூட்டையைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் மொத்தமாக ஆர்டர் கொடுத்தபோது, எல்லாம் ஒரே லாட்டில் வேண்டும் என்று எழுதியே கேட்டிருந்தோம். வந்த பெட்டியில் லாட்டுகள் கலந்திருந்தன. சில டப்பாக்களில் லாட் எண்ணின் மேலேயே விலைச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். கேட்டதற்கு "எல்லாம் 4.50 தானே சார்" என்று பதில் வந்தது. பெற்றோர்கள் கடன் வாங்கிப் பிள்ளைகளுக்கு ரைஃபிள் வாங்கித் தருகிறார்கள். அந்த எண்ணை மறைக்காமல் விற்பது பெரிய உதவி என்று கூட நான் சொல்ல மாட்டேன், அது விற்பவரின் கடமை. .22 ரைஃபிள் சுடுபவர்கள் இங்கிலாந்தில் தோட்டா தயாரிக்கும் ஈலி நிறுவனத்தின் சோதனை ரேஞ்சுக்கே துப்பாக்கியை எடுத்துச் சென்று லாட் தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லாதபோது, டப்பாவின் மேலுள்ள எண்ணாவது தெரிய வேண்டாமா?

எனவே இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, பழைய டப்பாவில் மீதம் இருப்பதைப் பயிற்சியில் தீர்த்துவிடாமல் உடனே தனியாக எடுத்து வைப்பதுதான். அது இல்லாவிட்டால் ஒப்பிட எதுவுமே இல்லை. இனி எந்த டப்பாவைத் திறந்தாலும் லாட் எண்ணையும் தேதியையும் ஸ்கோர் புத்தகத்தில் எழுதுங்கள். கடைசி நூறு பெல்லட்டை அடுத்த சோதனைக்கு ஒதுக்குங்கள். கடலோர ஊராக இருந்தால் ஈயத்தின் மேல் வெள்ளைப் பூச்சு படியும், அதனால் ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள். கூரியரில் அடிபட்டு ஸ்கர்ட் நசுங்கியவையும் தரையில் விழுந்தவையும் சோதனைக்கு ஆகாது. பெல்லட்டைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

சோதனையில் புதிய பேட்ச் தோற்றால் அதைத் தூக்கிப்போட்டுவிட வேண்டாம். அந்த மாணவியின் பேரலில் சிதறிய அதே லாட், எங்கள் கிளப்பில் வேறொரு பையனின் ரைஃபிளில் ஒரே ஓட்டையாக விழுந்தது. அவன் அந்த டப்பாக்களை எடுத்துக்கொண்டான். அவனிடம் சும்மா கிடந்த 4.51 டப்பாக்களில் ஒன்று அவளுக்குப் பொருந்தியது. உங்கள் ரேஞ்சிலும் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள்.