ஆள் எடுக்க முதல் தங்கச்சிக்குச் சம்பளம் போடுங்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. அவர் காலமான பிறகு ஆறு வருடமாக நான் பார்க்கிறேன். நிலாவெளிப் பக்கம் கெஸ்ட்ஹவுஸ்களுக்கும் சாமான் போடுகிறோம். சீசனில் சமாளிக்க முடியவில்லை, இரண்டு பேரை வேலைக்கு எடுக்க யோசிக்கிறேன். முன்பு எடுத்த இரண்டு பெடியன்களும் நாலைந்து மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். நம்பிக்கையான ஆட்களை எப்படிப் பிடிப்பது? ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) முதல் நாளே கட்ட வேண்டுமா, கொஞ்ச நாள் பார்த்துவிட்டுக் கட்டலாமா? இப்போதைக்குத் தங்கச்சிதான் காலையில் கடை திறந்து, கணக்குக் கொப்பியும் பார்க்கிறாள். அவளுக்குச் சம்பளம் என்று ஒன்றும் இல்லை, கேட்டால் கொடுப்போம். அவளுக்கும் 33 ஆகிறது, கலியாணம் ஒன்றும் சரிவரவில்லை. (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: தம்பி, உங்கள் கடையில் ஏற்கெனவே ஒரு ஊழியர் இருக்கிறார். ஆறு வருடமாகச் சம்பளம் இல்லாமல் நிற்கிறார். இரண்டு பக்கக் கடிதத்தில் வரப்போகிற ஆட்களைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சிக்கு மூன்று வரி. நான் அந்த மூன்று வரியில்தான் நின்றுவிட்டேன்.

கேட்டால் கொடுப்போம் என்கிறீர்கள். 33 வயதுப் பெண் ஒரு செருப்பு வாங்கவும், சிநேகிதியின் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு சட்டை வாங்கவும், பத்திரகாளி அம்மன் கோவிலில் ஒரு அர்ச்சனை செய்யவும் அண்ணனுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். கல்லாவில் நாள் முழுக்க அவள் கைதான் காசு எண்ணுகிறது, அதில் ஒரு ரூபாய்கூட அவளுடையது இல்லை. அவள் எத்தனை தடவை கேட்டாள் என்று நீங்கள் எழுதவில்லை. அநேகமாகக் கேட்டிருக்க மாட்டாள். அப்பா இல்லாத வீட்டில் மூத்த ஆண்பிள்ளை கேட்காமலே கொடுக்க வேண்டியவன். இதில் நான் யாருக்காகவும் இறங்கி வரமாட்டேன்.

கலியாணம் சரிவரவில்லையாம். காலையில் பாண் வருகிற நேரத்திலிருந்து இரவு கதவு பூட்டும் வரைக்கும், கிழமையில் ஏழு நாளும் கடையில் நிற்கிற பிள்ளை எப்போது நாலு இடம் போய்வருவாள்? ஒரு கலியாண வீட்டுக்குப் போய் முழு நாள் இருந்திருப்பாளா? அவளுக்குக் கலியாணம் வேண்டுமா வேண்டாமா என்பது அவள் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் அவள் போய்விட்டால் கடையை யார் திறப்பது என்ற பயம் உங்கள் மனதின் ஒரு மூலையிலும் இல்லையா? நேர்மையாக யோசித்துப் பாருங்கள்.

சரி, பெடியன்கள் ஏன் நின்றார்கள்? எத்தனை மணிக்கு வருவது, எத்தனை மணிக்குப் போவது, எந்த நாள் லீவு என்று அவர்களுக்கு யாராவது சொன்னீர்களா? உங்கள் கடையில் நேரம் என்ற ஒன்றே இல்லை. தங்கச்சி நிற்கும்வரை கடை நடக்கும், அதுதான் நேரம். வந்தவர்களும் அவளைப் போலவே நிற்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். அவர்கள் வெளிப்பிள்ளைகள், போய்விட்டார்கள். அவளுக்குப் போக வழியில்லை.

ஆகவே ஆள் தேட முதல் ஒரு கிழமை ஒரு வேலை செய்யுங்கள். ஒரு புதுக் கொப்பியை எடுத்து, தங்கச்சி காலையிலிருந்து இரவுவரை செய்வதையெல்லாம் நேரத்தோடு நீங்களே எழுதுங்கள். அவளை எழுதச் சொல்லாதீர்கள். பாண் எண்ணி எடுப்பது, கெஸ்ட்ஹவுஸ் ஓடர்களைப் போனில் எடுத்துத் தனித்தனியாகக் கட்டி வைப்பது, கம்பனி லொறி வந்தால் பில்லைப் பார்த்து இறக்குவது, திகதி முடிகிற சாமானை முன்னால் அடுக்குவது, கடன் கொப்பி, இரவில் கல்லாக் கணக்கு. கிழமை முடிவில் அந்தக் கொப்பியைப் பார்த்தால் எத்தனை பேருடைய வேலையை ஒருத்தி செய்கிறாள் என்று தெரியும். நீங்கள் எடுக்கப்போகும் இரண்டு பேருக்கான வேலை விபரமும் அதுவேதான். ஓடர் கொண்டுபோக மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் உள்ள ஒருவர், கடைக்குள் ஒருவர் என்று அப்போது பிரிக்கலாம்.

நம்பிக்கையான ஆளை முகத்தைப் பார்த்துப் பிடிக்க முடியாது. தினமும் இரண்டு பேர் சேர்ந்து கல்லாவை எண்ணிக் கையெழுத்து வைக்கட்டும். எந்தக் கெஸ்ட்ஹவுஸ் எவ்வளவு பாக்கி என்பது தங்கச்சியின் ஞாபகத்தில் மட்டும் இருக்கக் கூடாது. நல்ல பிள்ளையும் கணக்கில்லாத கடையில் கெட்டுப்போகும்.

ஈ.பி.எப். முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். தற்காலிகம், சீசனுக்கு மட்டும், பழகுகிற காலம் என்று எதற்கும் விலக்கில்லை. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் சட்டம் சட்டம்தான். ஊழியரின் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் உங்களுடையது. முன்பு நின்ற இரண்டு பெடியன்களுக்கும் கட்டினீர்களா? கட்டவில்லை என்றால் அந்தப் பாக்கி இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. பிந்திக் கட்டினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம்வரை மேலதிகமாக வாங்குவார்கள். தொழில் அலுவலகத்துக்கு நீங்களாகவே போய்ப் பேசித் தீர்த்துவிடுங்கள்.

2026 ஜனவரியிலிருந்து ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். கடைச் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு. கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு லீவு. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை எடுக்கவே கூடாது. சம்பளம், நேரம், லீவு எல்லாவற்றையும் எழுதி நியமனக் கடிதமாகக் கொடுங்கள்.

முதல் நியமனக் கடிதம் தங்கச்சிக்கு. குடும்பத்தார் மட்டும் வேலை செய்கிற தொழிலுக்கு ஈ.பி.எப். இல்லை என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். வெளியாள் ஒருவர் உள்ளே வந்ததும் அந்தச் சாட்டு போய்விடும். அவளுக்கு 30,000 போட்டால் அவள் கைக்கு 27,600 வரும், நிதியில் மாதம் 6,000 அவள் பெயரில் சேரும். ஈ.டி.எப்.புடன் உங்களுக்கு மொத்தச் செலவு 34,500. பெண்களுக்கு அந்த நிதி 50 வயதில் கிடைக்கும், கலியாணத்துக்காக வேலையை விட்டால் அப்போதும் எடுக்கலாம். இந்தச் செலவைக் கடை தாங்காது என்றால், புது ஆட்களில் ஒருவரைக் குறையுங்கள். அவளுடையதைக் குறைக்க நினைக்காதீர்கள்.

வீட்டுக் காசு வீட்டுக்குள்ளேதானே சுற்றுகிறது என்பீர்கள். சுற்றுகிற காசு அவள் கையில் ஒரு நாளும் நிற்கவில்லையே! ஆறு வருடப் பாக்கியை ஒரேயடியாகக் கொடுக்க உங்களால் முடியாது, தெரியும். சீசன் முடிகிற ஒவ்வொரு தடவையும் ஒரு தொகையை அவள் பெயரில் வங்கியில் போடுங்கள், புத்தகம் அவளிடமே இருக்கட்டும். அதைச் சீதனத்துக்குச் சேர்க்கிறோம் என்று ஊரில் சொல்லித் திரியாதீர்கள். அவள் உழைத்த காசை நீங்கள் கொடுக்கும் தானமாக்கக் கூடாது.

இன்று இரவு கடை பூட்டியதும் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளிடம் பேசுங்கள். "எனக்கெதுக்கு அண்ணா" என்றுதான் சொல்வாள். அதோடு விட்டுவிடாதீர்கள். கடிதத்தில் அவள் பதவியை முகாமையாளர் என்று எழுதுங்கள். புதிதாக வருகிறவர்கள் அவள் சொல்லைத்தான் கேட்க வேண்டும், அதை முதல் நாளே அவர்களுக்கு முன்னால் நீங்கள் சொல்ல வேண்டும். அப்புறம் கிழமையில் எந்த நாள் அவளுக்கு லீவு வேண்டும் என்று கேளுங்கள். மற்ற இரண்டு பேரின் லீவு நாளை அதற்குப் பிறகு போடலாம்.