நின்றுபோன மாஸ்டர்ஸ்: எழுத உட்காரும் முன் பதிவைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. 2018இல் பகுதி நேரமாகக் கல்வியியல் மாஸ்டர்ஸ் சேர்ந்து, பாடங்களை முடித்துவிட்டேன். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நின்ற ஆய்வேடு அப்படியே கிடக்கிறது. தலைப்பு, யுபிஎஸ்ஆர் (ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு) தமிழ்க் கட்டுரைகளில் வரும் பிழைகள். என் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். தொடரலாமா, விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம் டீச்சர். ஆனால் உடனே எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். பகுதி நேர மாஸ்டர்ஸுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஓர் உச்ச கால வரம்பு வைத்திருக்கிறது. 2018 சேர்க்கை என்றால் உங்களுடையது பெரும்பாலும் தாண்டியிருக்கும். பட்டமேற்படிப்பு அலுவலகத்துக்கு எழுதி, பதிவு இன்னும் செல்லுமா, செல்லாவிட்டால் மீண்டும் சேரும்போது பழைய பாடங்களில் எத்தனையைக் கணக்கில் எடுப்பார்கள் என்று கேளுங்கள். மேற்பார்வையாளர் வாட்சப்பில் “பார்த்துக்கலாம்” என்று சொன்னதை நம்பி இருக்காதீர்கள். பதில் எழுத்தில் வரவேண்டும். ஆய்வேட்டுக்குப் பதிலாகச் சின்ன ஆய்வுத் திட்டத்தோடு முடிக்கும் வழி உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

அடுத்து தலைப்பு. யுபிஎஸ்ஆர் 2021லேயே ரத்தாகிவிட்டது; அதைக் கட்டிக்கொண்டு அழுவதில் பயனில்லை. பிழைகள் எங்கும் போகவில்லையே! அதே ஆய்வை, வகுப்பாசிரியரே பிள்ளைகளை மதிப்பிடும் வகுப்பறைசார் மதிப்பீட்டின் பக்கம் திருப்புங்கள். 1 முதல் 6 வரையான அடைவுநிலையைக் கொடுக்கும்போது ஆசிரியர் எந்தப் பிழையைப் பெரிதாக எடுக்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்பதே நல்ல கேள்வி.

ஒன்பது பிள்ளைகளை வைத்துப் புள்ளிவிவரச் சோதனை போட்டால் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே மடக்குவார். சிலரை மட்டும் ஆழமாகப் பார்க்கும் தனிநிலை ஆய்வாக (case study) எடுத்தால் அதே ஒன்பது பேர் தாராளம். ஒரு பிள்ளையின் கட்டுரை நோட்டைத் தேதி வாரியாகப் புரட்டுங்கள். ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதிய கை எந்த வாரம் திருந்தியது, இரண்டு பக்கம் தள்ளி மறுபடி எங்கே சறுக்கியது என்று தெரியும். பெரிய பள்ளியில் ஒரே வகுப்பில் நாற்பது நோட்டு திருத்துகிறவருக்கு இந்த அளவு நெருக்கம் வாய்க்காது.

தன் பள்ளிதானே என்று அனுமதியில்லாமல் தரவு எடுக்காதீர்கள். ஆய்வு அனுமதிக்கான கல்வி அமைச்சின் இ-ராஸ் (eRAS) தளத்தில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்ததும் பேராக் மாநிலக் கல்வி இலாகாவின் கடிதம், தலைமையாசிரியரின் சம்மதம், பெற்றோர் கையெழுத்து என்று வரிசையாக வாங்க வேண்டும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் என்றால் பள்ளி ஆண்டு முடிந்ததும் பறந்துவிடுவார்கள். அதனால் விண்ணப்பத்தைப் பள்ளித் தவணை தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். புறப்பாட நடவடிக்கை, விளையாட்டுப் போட்டி நடக்கும் வாரங்களைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அந்த வாரங்களில் ஒரு வரி நகராது.

அப்புறம் பணம். மாஸ்டர்ஸ் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு, எந்தத் துறையானாலும். மீண்டும் சேர்ந்தால் முதல் ரசீதிலிருந்தே எடுத்து வையுங்கள்.