நாடாவின் நிறம்

வணக்கம் ஐயா,

என் பள்ளிக்கால நண்பன் ஒருவன், தீவிர பக்திமான். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. விளையாட்டாக ஆரம்பித்த விவாதம் முற்றி, இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தையே இல்லை. யோசித்துப் பார்த்தால் உலகத்துச் சண்டைகளுக்கெல்லாம் அடியில் மதம்தான் இருக்கிறது. அதைச் சட்டம் போட்டு ஒழித்துவிட்டால் மனிதன் அடித்துக்கொள்ள என்ன காரணம் மிச்சம்? டென்மார்க், சுவீடனைப் பாருங்கள். பக்தி குறைவு, சண்டையும் இல்லை. இவர்களைப் பேசித் திருத்தலாம் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. இந்தக் கூட்டம் இருக்கும்வரை அமைதி வராது. மதத்தால் இறந்தவர்களின் கணக்கு ஒன்றை இணைத்திருக்கிறேன். மதத்தை ஒழிப்பது சாத்தியமா? உங்கள் கருத்து தேவை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் கோவூர்கிழாரோடு இருந்தேன். சில வாரங்களாகவே புறநானூற்றின் 45ஆம் பாட்டை விட்டு நகர முடியவில்லை. நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைபட்டுக் கிடக்கிறான். நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டு நிற்கிறான். இருவரும் சோழர்கள். புலவர் நடுவே போய்ச் சொல்கிறார்: உன் எதிரில் நிற்பவன் பனை சூடிய சேரன் இல்லை, வேம்பு சூடிய பாண்டியன் இல்லை. உன் தலையிலும் ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான்.

பள்ளியில் இதை ஒற்றுமைப் பாட்டு என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது படித்தால் வயிற்றைப் பிசைகிறது. எதிரே நின்றவன் வேம்பு சூடியிருந்தால் புலவர் தடுத்திருப்பாரா? பூ வேறாக இருந்தால் சண்டை இயல்புதான் என்று அவரே ஒத்துக்கொள்வது போலில்லையா? சரி, பூ ஒன்றாகவே இருந்தும் படை வந்து நிற்கிறதே, அதற்கு என்ன சொல்வது?

இதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பூவைப் பறித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் இணைத்த கணக்கில் ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் முழுவதும் மதத்தின் பத்தியில் இருக்கிறது. 1618இல் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என்றுதான் தொடங்கியது, உண்மை. ஆனால் 1631இல் பிரான்சின் முதலமைச்சர் ரிஷ்லியூ, கத்தோலிக்கப் பேரரசரை எதிர்த்துப் போரிட லூத்தரன் என்ற புராட்டஸ்டண்டுப் பிரிவைச் சேர்ந்த மன்னர் ஒருவருக்குப் பணம் கொடுத்தார். ரிஷ்லியூ கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல்! அந்தப் பிணங்களை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? கணக்கை விடுங்கள்.

டென்மார்க், சுவீடனை நான் விடுவதாக இல்லை. இந்த உதாரணத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பதினாறாம் நூற்றாண்டிலேயே இரண்டு நாடுகளும் லூத்தரன் ஆகிவிட்டன. ஒரே வேதம், ஒரே வழிபாடு. அதற்குப் பிறகு 1563இல் ஏழு வருடப் போர். 1611இல் ஒன்று. 1643இல் ஒன்று. 1657இல் ஒன்று. 1675இல் ஒன்று. அதற்கப்புறமும் நிற்கவில்லை. பால்டிக் கடலின் வாசலில் கப்பல்களிடம் சுங்கம் வாங்கும் உரிமை, ஸ்கானியா என்ற நிலப்பகுதி யாருக்குச் சொந்தம், இப்படித்தான் போனது வழக்கு. அவர்களுக்குள் நடந்த கடைசிப் போர் 1814 ஜனவரியில் கீல் உடன்படிக்கையோடு முடிந்தது. அப்போது அவர்கள் மதத்தை விட்டிருந்தார்களா? சுவீடனில் திருச்சபையிலிருந்து விலகவே அன்று சட்டம் இடம் தரவில்லை. சண்டையை நிறுத்தியபோது இரண்டு பக்கமும் ஜபம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். பக்தி வற்றியது அதற்கு வெகுகாலம் கழித்து. அதுவும் யாரும் பூட்டுப் போட்டு வற்றவில்லை, தானாக வற்றியது. நீங்கள் பின்னால் வந்ததைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டு அதையே காரணம் என்கிறீர்கள். இது படித்தவர் செய்கிற வேலையா?

பூட்டுப் போட்டுப் பார்த்த நாடும் இருக்கிறது. அல்பேனியாவில் என்வர் ஹோஜாவின் அரசு 1967இல் மசூதி, தேவாலயம், மடம் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை மூடியது. ஒரு பேராலயம் விளையாட்டு அரங்கமானது. 1976இல் எழுதிய அரசியலமைப்பு, அரசு எந்த மதத்தையும் ஏற்பதில்லை என்றது. ரகசியமாக ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரைச் சுட்டுக் கொன்றார்கள். தடை நீங்கியது 1990இல். 1997இல் அந்த நாட்டில் ராணுவக் கிடங்குகளைச் சூறையாடித் துப்பாக்கியோடு தெருவில் இறங்கினார்கள். ஏறக்குறைய 2,000 பேர் செத்தார்கள். காரணம், போட்ட பணத்தைப் பெருக்கித் தருவதாகச் சொன்ன நிதித் திட்டங்கள் கவிழ்ந்து ஜனங்களின் சேமிப்பு போனதுதான். வழிபாட்டிடத்தின் வாசலையே மிதிக்காமல் வளர்ந்த பிள்ளைகள் கையில் அந்தத் துப்பாக்கிகள் இருந்தன.

1969 மார்ச்சில், எல்லையில் ஓடும் உசூரி ஆற்றுப் பனியில் சோவியத், சீனச் சிப்பாய்கள் சுட்டுக்கொண்டார்கள். ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு தீவுக்காக. இரண்டு அரசுக்கும் கடவுள் கிடையாது, இரண்டு அரசுக்கும் மார்க்ஸ்தான் ஆசான். இரண்டு தலையிலும் ஆத்தி.

நான் மதத்துக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்காதீர்கள். நிலத்தைப் பாதியாக வெட்டிக்கொள்ளலாம். புனிதம் என்று பெயர் வைத்துவிட்ட இடத்தை வெட்ட முடியாது. ஆளை வெட்டினவனுக்குப் புண்ணியம் என்று சொல்லவும் மதத்தில் ஆள் உண்டு. அதையெல்லாம் நீங்கள் என்னைவிடக் கோபமாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நடுவில் 'மதத்தை' ஒழிக்க வேண்டும். நாலு வரி தாண்டுவதற்குள் 'இவர்கள்'. அடுத்த வரியில் 'இந்தக் கூட்டம்'. அல்பேனியாவிலும் இந்த வழியாகத்தான் போனார்கள். கருத்தை நிற்கவைத்துச் சுட முடியாது. சுவரோரமாக நிறுத்த ஒரு ஆள் வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த இடத்தில் நிற்பவர் உங்கள் நண்பர். இதை எழுதும்போது உங்களுக்குக் கை நடுங்கியிருக்க வேண்டாமா?

எனக்குப் பதினொரு வயது. விளையாட்டு விழாவுக்காக ஆசிரியர் வகுப்பைப் பிரித்தார். பெஞ்சு பெஞ்சாக ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்றுக்குச் சிவப்பு நாடா, இரண்டுக்கு நீலம். நான் ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இரண்டு. முதல் வகுப்பிலிருந்து அவனோடுதான் பெஞ்சு. இருவருக்கும் ஒரே சாமி, தேர்வன்று ஒரே வேண்டுதல். பத்தே நாளில், நீல நாடாக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை.

தொடர் ஓட்டத்தில் நாங்கள் தோற்றோம். அவன் மணிக்கட்டில் அவிழ்ந்து தொங்கிய நாடாவைப் பிடுங்கி, குழாயடிச் சேற்றில் போட்டு மிதித்தேன். வெறுங்கால். ஈர நாடா விரலிடுக்கில் வழுக்கியது இன்றும் காலில் இருக்கிறது. அவன் என்னை அடிக்கவில்லை. குனிந்து எடுத்தான். குழாயைத் திறந்து அலசினான், பிழிந்தான். நான்காக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்து மூடினான். மறுநாள் வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நடத்திய முகாமைப் பற்றிப் பல வருடம் கழித்துப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஏறக்குறைய என் வயதுப் பையன்கள், 22 பேர். எல்லோரும் ஒரே நிறம், ஒரே புராட்டஸ்டண்ட் மதம். இரண்டாகப் பிரித்துப் போட்டிகள் வைத்தார்கள். கயிறு இழுப்பதில் தோற்றவர்கள் மற்றவர்களின் கொடியை எரித்தார்கள். பெரியவர்களே தூண்டிவிட்டார்கள் என்று அந்த ஆய்வின் மேல் ஒரு குறை உண்டு. இருக்கட்டும், தூண்டிவிட ஆள் இல்லாத இடம் உலகத்தில் எது? பிறகு முகாமுக்குத் தண்ணீர் நின்றுபோனது. அதுவும் அவர்கள் செய்த ஏற்பாடுதான். இரண்டு கூட்டமும் சேர்ந்து குழாயையும் தொட்டியையும் தேடிப் பார்த்துச் சரிசெய்தது. லாரி ஓடவில்லை என்றபோது, முன்பு எதிரெதிராக இழுத்த அதே கயிற்றைக் கட்டி எல்லோரும் ஒரே பக்கமாக இழுத்தார்கள். முகாம் முடிந்து திரும்பும்போது ஒரே பேருந்தில் போகலாம் என்று அவர்களே கேட்டார்கள். யாரும் யாருடைய கொடியையும் தடை செய்யவில்லை.

நீங்கள் கேட்டது வேறு, நான் எங்கேயோ போய்விட்டேன். மதத்தை ஒழிப்பது சாத்தியமா என்றால், எனக்கு அதில் அக்கறை இல்லை. உங்கள் நண்பர்மேல் அக்கறை இருக்கிறது. இரண்டு வருடம் என்பது சின்னக் காலம் இல்லை. நாடாவை அலசி மடித்தவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. உங்களுடையவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பதிலை அவருக்கு அனுப்பிவைக்காதீர்கள். நேரில் போங்கள். ஏதாவது வேலையாக இருந்தால் கூட நின்று ஒரு கை கொடுங்கள். கடவுள் பேச்சை அவர் எடுத்தால் எடுக்கட்டும், நீங்கள் எடுக்க வேண்டாம்.