மண் சுவரும் கான்கிரீட் கூரையும்: டேனிஷ்பேட்டை ஓட்டு வீட்டுக்கு ஓர் ஆலோசனை

கேள்வி: டேனிஷ்பேட்டை அருகே, சேர்வராயன் மலையடிவாரத்தில், அப்பா கட்டிய மண் சுவர் ஓட்டு வீடு இருக்கிறது. அம்மா காலமான பிறகு நான்கு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. சுவர்களின் அடிப்பகுதி பொரிந்து உதிர்கிறது. மழை பெய்தால் இரண்டு அறைகள் ஒழுகுகின்றன. ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்டு, சுவர் முழுக்க சிமெண்ட் பூசித் தருவதாக ஒரு மேஸ்திரி சதுர அடிக் கணக்கில் பேசுகிறார். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். நான் இப்போது சிங்கப்பூர்க் குடிமகன். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருக்கிறேன். அக்காக்கள் இருவரும் சேலத்தில் இருக்கிறார்கள். வீட்டை ஒட்டி விற்பனைக்கு வந்துள்ள நாற்பது சென்ட் புன்செய் நிலத்தையும் வாங்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில், முன்பணத்தை அனுப்பாதீர்கள். மேஸ்திரி நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் வேலை உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர அடிக்குச் சுமார் 29 கிலோ எடை வரும். 600 சதுர அடிக்குத் தளம் போட்டாலே பதினேழு டன்னைத் தாண்டும். மரச்சட்டமும் ஓடும் சேர்ந்தால்கூட அதில் மூன்றில் ஒரு பங்கை எட்டுவது அரிது. அந்த இலேசான கூரையை நம்பி எழுப்பிய மண் சுவர், அதுவும் அடியில் ஈரம் ஏறி உதிர்ந்துகொண்டிருக்கும் சுவர், இந்தப் பாரத்தைத் தாங்கும் என்று எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட மாட்டார். "உள்ளே தூண் எழுப்பிவிடலாம்" என்பார்கள். அது பழைய வீட்டுக்குள் புதிய வீடு கட்டுவது. அதற்குப் பக்கத்துக் காலி இடத்தில் தனியாகவே கட்டிக்கொள்ளலாம். செலவும் குறையும், தலைவலியும் குறையும்.

இனி சுவருக்கு வருவோம். நீங்கள் சிறுவனாக இருந்தபோது தெருவிலிருந்து திண்ணைக்கு எத்தனை படிகள் ஏறினீர்கள்? இப்போது எத்தனை படிகள் இருக்கின்றன? அக்காவிடம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு படிகள் காணாமல் போயிருந்தால், நோயின் மூலம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. நம் ஊர்களில் ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மேலேயே புதிய சாலையைப் போடுகிறார்கள். தெரு உயர்கிறது, வீடு தாழ்கிறது. மலைச்சரிவிலிருந்து இறங்கும் மழைநீர் சுவரோரம் தேங்குகிறது. மண் சுவர் அந்த ஈரத்தை உறிஞ்சி மேலேற்றுகிறது. ஈரம் காயும்போது, அதில் கரைந்திருந்த உப்பு சுவரின் மேற்பரப்பில் பூக்கிறது. நீங்கள் பார்க்கும் பொரிவு அதுதான்.

இதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. பூச்சின் பின்னாலேயே சுவர் நைந்துகொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அடிப்பகுதிக்கு மட்டும் நான்கு அடி உயரம் பூசினாலும் இதே கதைதான். ஈரம் அந்த நான்கு அடியைக் கடந்து, சிமெண்ட் முடியும் கோட்டுக்கு மேலே வெளிவரும். ஐந்தாறு மழைக்காலம் கழித்து பூச்சு பாளம் பாளமாக விழும்போது, பின்னால் இருந்த மண்ணும் கூடவே வரும். வாட்டர்புரூஃப் பெயிண்ட் விற்பவர் சொல்வதும் இதே தவறின் விலை உயர்ந்த வடிவம்தான்.

ஆகவே முதல் செலவு வீட்டுக்கு வெளியே. சுவரைச் சுற்றி ஏறியிருக்கும் மண்ணை வெட்டி எடுத்து, தரை வீட்டிலிருந்து விலகிச் சரியும்படி செய்யுங்கள். தெருப்பக்கம் சரிவு கிடைக்காவிட்டால், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி ஜல்லி நிரப்பிய வடிகால் ஒன்று போதும். எந்த இடத்திலும் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்ட வேண்டாம். உடன் கூரை. இறவாரம் சுவரைவிட்டு இரண்டடியாவது நீண்டிருக்க வேண்டும். இவை இரண்டும் முடிந்ததும் பழைய பூச்சைக் கொத்திவிட்டு, சுவரை ஒரு கோடை முழுவதும் காயவிடுங்கள். அவசரப்படும் இடம் இதுவல்ல.

காய்ந்த சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. சூளைச் சுண்ணாம்பை நீரில் நீற்றி, குறைந்தது ஒரு வாரமாவது ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு சலித்த மணல் கலக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது பழைய வழக்கம்; தெரிந்த கொத்தனார் கிடைத்தால் செய்யட்டும், இல்லாவிட்டால் அதற்காக வேலையை நிறுத்த வேண்டாம். பூச்சு மெல்லிய அடுக்குகளாக ஏற வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கித்தான் இறுகும். சேலத்து வெயிலில் அதற்கு முன்பே காய்ந்து வெடித்துவிடும் என்பதால், முதல் சில நாட்கள் ஈரச் சாக்குத் தொங்கவிட வேண்டும். சேலத்தின் வெள்ளை மலைகளைக் காட்டி, "இங்கே இல்லாத சுண்ணாம்பா?" என்று யாராவது கேட்டால் நம்பாதீர்கள். அது மேக்னசைட், வேறொரு கனிமம். சுண்ணாம்புக்கல் இருப்பது சங்ககிரிப் பக்கம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது குறைவு. ஆளைப் பிடித்ததும் கொல்லைப்பக்கச் சுவர் ஒன்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஒரு மழைக்காலம் அது நின்றால் மற்றவற்றையும் கொடுக்கலாம்.

கூரையில் ஓட்டைவிட மரமே முக்கியம். சட்டங்களின் நடுப்பகுதி திடமாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகள்தான் இற்றுப் போகும். ஆசாரியை ஒவ்வொரு முனையிலும் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இறங்கினால் அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும். பனஞ்சட்டமாக இருந்தால் வைரம் பாய்ந்தது நீடிக்கும், இளசு நீடிக்காது. ஓடுகளைத் தட்டிப் பார்த்து, கணீர் என்று ஒலிப்பவற்றை மீண்டும் வேயலாம். குறைபவற்றைப் பழைய வீடு இடிக்கும் இடங்களில் வாங்கலாம். மங்களூர் ஓடு என்றால் பின்பக்கம் தொழிற்சாலை முத்திரை இருக்கும், ஒரே முத்திரையாகத் தேர்ந்தெடுத்தால் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தும். கரையானுக்கு மருந்து அடிக்கும்போது கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓட்டைப் பிரிக்கும் வேலை தை மாதத்தில் தொடங்கி, கோடை மழையும் காற்றும் வருவதற்குள் முடிய வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் முதலில் கேட்பது படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை. மண் சுவரை ஒட்டி ஒருபோதும் வேண்டாம். வீட்டின் பின்புறம் கொஞ்சம் இடைவெளி விட்டு, செங்கல் சுவரில் தனியாகக் கட்டி, மேலே ஓடு வேய்ந்த நடையால் இணைத்துக்கொள்ளுங்கள். தரைக்கு விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டால் தரைக்கு அடியிலுள்ள ஈரம் சுவர்ப்பக்கம் திரும்பும், சுட்ட மண் தட்டோடு போடுங்கள்.

சதுர அடிக் கணக்கு புதுக் கட்டடத்துக்குச் சரி. பழைய வீட்டில் ஒரு சுவர் நன்றாக இருக்கும், அடுத்தது மோசமாக இருக்கும். சதுர அடியில் பேசினால் நல்ல சுவரையும் இடித்துவிடவே தோன்றும். வேலைவாரியாகப் பேசுங்கள்: வடிகால் இத்தனை அடி, மாற்றும் சட்டம் இத்தனை, பூச்சு இத்தனை சதுர அடி. ஒவ்வொன்றும் முடிந்து, அக்கா அளந்து பார்த்த பிறகு வங்கி வழியாகப் பணம் போகட்டும். மூடப்போகும் எதையும், சட்ட முனையோ ஒயரிங்கோ குழாயோ, மூடுவதற்கு முன் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பூசி முடித்த சுவரின் படத்தால் உங்களுக்குப் பயனில்லை.

ஒரு செங்கல்லைத் தொடுவதற்கு முன், வீடு யாருடையது என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அப்பா தாமே சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் இல்லை என்றால், உங்கள் மூவருக்கும் சம பங்கு. இந்தியாவில் வாழ்ந்தவரிடமிருந்து வாரிசாகப் பெற்ற வீட்டை வெளிநாட்டுக் குடிமகனான நீங்கள் வைத்திருக்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருகிறது. அக்காக்கள் விட்டுக்கொடுப்பதானால் விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்து, பட்டாவையும் மாற்றிய பிறகு செலவு செய்யுங்கள். நேரில் வர முடியாவிட்டால் அந்தப் பதிவுக்கு மட்டும் செல்லும்படியான அதிகாரப் பத்திரம் (பவர்) போதும். 2021 முதல் அதற்குச் சிங்கப்பூரிலேயே அப்போஸ்டில் (பத்திரம் வெளிநாட்டிலும் ஏற்கப்படுவதற்கான சான்று) பெறலாம். பத்திரம் இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

நாற்பது சென்ட் நிலத்தை நீங்கள் வாங்க முடியாது. ஓசிஐ அட்டைதாரர் வீடு வாங்கலாம். புன்செய் உட்பட விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. "அக்கா பெயரில் வாங்கிக்கொள்ளலாம்" என்று தரகர் நிச்சயம் சொல்வார். உங்கள் பணத்தில், உங்களுக்காக, அக்கா பெயரில் வாங்கினால் அது 1988-ஆம் ஆண்டின் பினாமிச் சட்டத்தில் சிக்கும். 2016 திருத்தத்துக்குப் பிறகு அது இன்னும் கடுமையாகியிருக்கிறது, நிலம் பறிமுதலாகலாம். அக்கா தமக்கென்று வாங்கினால் அது அக்காவின் நிலம், அவ்வளவுதான். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அந்த நிலம் கைமாறுவதற்கு முன் சர்வேயரை வைத்து உங்கள் மனையை அளந்து, எல்லைக்கல் நட்டுவிடுங்கள்.