வீட்டில் பீர் தயாரிக்கும்போது, நொதிக்கும் நாட்களில் கிளறிவிட வேண்டுமா?

வேண்டாம். ஈஸ்ட் போடுவதற்கு முன், ஆறிய மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றை நன்றாகக் கலக்கிக் காற்றேற்றுங்கள். ஈஸ்ட் பெருக அப்போது ஆக்சிஜன் தேவை. நொதித்தல் தொடங்கியபின் அதே ஆக்சிஜன்தான் எதிரி. மூடியைத் திறந்து கரண்டியை விட்டால் காற்றோடு கிருமியும் உள்ளே போகும். பாட்டிலில் அடைத்துச் சில வாரங்களில் பீர் நனைந்த அட்டைபோல் வாடையடிக்கும்.

கிளற அவசியமும் இல்லை. இரண்டாம் நாள் கண்ணாடிக் குடுவையை உற்றுப் பாருங்கள். கரியமில வாயுக் குமிழிகள் மேலேற, ஈஸ்ட் துணுக்குகள் சுழன்று சுழன்று எழுந்து இறங்கும். அதுவே தன்னைக் கலக்கிக்கொள்கிறது, அவ்வளவு அழகாக!

விதிவிலக்கு உண்டு. இங்கிலாந்தின் யார்க்ஷயர் ஸ்கொயர் எனும் இரண்டடுக்குத் தொட்டிகளில், ஈஸ்ட் சீக்கிரம் திரண்டு ஒதுங்கும் ரகம் என்பதால், பீரை மேல்தட்டுக்கு இறைத்து ஈஸ்டை எழுப்பிவிடுவார்கள். உங்கள் பீரும் பாதியில் நின்றுவிட்டால், அதாவது ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியை அளக்கும் கருவி) அளவு 3 நாளாக அசையாமல் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருந்தால், மூடியைத் திறக்காமல் குடுவையை மெல்லச் சுழற்றுங்கள். அப்புறம் 2 டிகிரி கூடுதலான வெப்பமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) குமிழி வராததை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழி வராது.