ப்ரொசெசர் கொதிக்கிறதா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

முதலில் ஒரு விஷயம். ஏசி போடாத கொழும்பு அறை பகலில் 30, 31 டிகிரி இருக்கும். வெளிநாட்டு ரிவியூக்களில் பெரும்பாலும் 20 சொச்ச டிகிரி அறையில்தான் அளக்கிறார்கள். அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ, ப்ரொசெசரும் ஏறக்குறைய அத்தனை கூடும். அவர்கள் 70 என்றால் நமக்கு 80. அதற்காகப் பதற வேண்டாம்.

வெள்ளவத்தை: அண்ணா, ஐ5 12400. போன மாதம்தான் கடையில் பூட்டி எடுத்தேன். சும்மா இருக்கும்போதே 70க்கு மேல். வீடியோ எடிட் தொடங்கினால் உடனே 100. பேஸ்ட் மாற்றவா?

பேஸ்டை, அதாவது ப்ரொசெசருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசும் பசையை, பிறகு பார்ப்போம். கோர் டெம்ப் போன்ற, சூட்டைக் காட்டும் மென்பொருள் ஏதாவது ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். நீங்கள் சொல்வதுபோல் ஓரிரு நொடியில் 100க்குப் பாய்ந்தால் கூலர் ப்ரொசெசரில் சரியாக உட்காரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பத்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால் காற்றோட்டமோ தூசியோ. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்டெல் பெட்டியோடு வரும் கூலருக்கு நான்கு மூலையிலும் அழுத்திப் பூட்டும் பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். அவசரத்தில் பூட்டினால் ஒன்று அரைகுறையாக நின்றுவிடும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் சரி போலவே தெரியும். கரண்டை நிறுத்தி, கூலரை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். ஒரு மூலை ஆடினால் அதுதான் ஆள். மதர்போர்டின் பின்பக்கத்தில் நான்கு பின்களின் நுனியும் விரிந்து வெளியே வந்திருக்க வேண்டும். மறுபடி பூட்டுவதென்றால் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிது போட்டு, எதிரெதிர் மூலையாக, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். வேறு கூலர் வாங்கிப் போட்டிருந்தால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், நடக்கிற காரியம்தான். கேசிங்கில் வாரண்டி ஸ்டிக்கர் இருந்தால் கை வைக்காமல் கடைக்கே கொண்டுபோங்கள்.

கொட்டாஞ்சேனை: ரைசன் 7 7700எக்ஸ். ரெண்டர் போட்டால் 95இலேயே நிற்கிறது. பழுதா?

இல்லை. 95 வரை போய், அங்கே நின்று வேலை செய்யும்படிதான் ஏஎம்டி இதைச் செய்திருக்கிறது. அந்தச் சூடு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் செட்டிங்ஸ்) மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோட் 65 வாட் போடுங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாகவே இறங்கும்.

தெஹிவளை: வீடு கடலோரம். நாலு வருடப் பழைய மெஷின், ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கெட் (ப்ரொசெசர் உட்காரும் இடம்). முன்பு 70, இப்போது அதே வேலைக்கு 90.

உங்கள் பக்கத்துத் தூசி ஊதினால் பறக்கிற தூசி இல்லை. உப்பு ஈரத்தோடு சேர்ந்து ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளிபோல் படிந்திருக்கும். மேலே துடைத்தால் போதாது. ஃபேனை மட்டும் கழற்றித் தகடுகளைத் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். புளோவர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் இறங்காவிட்டால் பேஸ்ட் காய்ந்திருக்கும். இங்கே கவனம். ஏஎம்4இல் கூலரை நேராக மேலே இழுத்தால் ப்ரொசெசரும் ஒட்டிக்கொண்டு சொக்கெட்டிலிருந்து பிடுங்கி வந்துவிடும், அதன் அடியிலுள்ள பின்கள் வளையும். பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே ஷட்டவுன் செய்து, பிளக்கைக் கழற்றி, கூலரை இடம் வலமாகத் திருகித் திருகி எடுங்கள். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹோல். புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

பொரளை: பக்கக் கதவைத் திறந்து மேசை ஃபேனை விட்டால் நல்லாக் குறைகிறது. அப்படியே விடலாமா அண்ணா?

சோதனைக்கு அருமை. கூலரில் பிழையில்லை, கேசிங்குக்குள் காற்று வரவில்லை என்று தெரிந்துவிட்டதே. நிரந்தரமாக விட்டால் நம் ஊர்ப் பல்லிக்கும் கரப்பானுக்கும் வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. முன்னால் முழுக் கண்ணாடி உள்ள கேசிங்குகளில் இந்தக் கோளாறு அதிகம். முன் ஃபேன் உள்ளே இழுக்கிறதா, பின் ஃபேன் வெளியே தள்ளுகிறதா பாருங்கள். ஒரு துண்டு டிஷ்யூவைப் பிடித்தாலே தெரியும். மேசைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள்.

மட்டக்குளி: ஒன்றும் திறக்காமலே ஃபேன் கத்துகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கிவிடுகிறது.

திருட்டு கேம் ஏதாவது இறக்கினீர்களா? யாரோ ஒளித்துவைத்த புரோகிராமால் உங்கள் கரண்ட் பில்லில் கிரிப்டோ நாணயம் தோண்டுகிற அறிகுறி இது. விண்டோஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஓடவிடுங்கள். அகலாவிட்டால் ஃபோர்மட்.

கொள்ளுப்பிட்டி: ஐ9 13900கே. சூடும் இருக்கிறது, கேமும் அடிக்கடி விழுகிறது.

இதைச் சூடு என்று மட்டும் பார்க்காதீர்கள். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் ப்ரொசெசர்களில் மின்னழுத்தக் கோளாறு இருந்ததை இன்டெல்லே 2024இல் ஒப்புக்கொண்டு, திருத்தத்தை பயோஸ் அப்டேட்டாக விட்டது. உடனே போடுங்கள். ஆனால் ஏற்கெனவே பழுதானதை அது சரிசெய்யாது. பெட்டியில் வரும் ப்ரொசெசருக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள், பில்லைத் தேடி எடுங்கள்.

பம்பலப்பிட்டி: சேர், என்னுடையது 65 வாட் ப்ரொசெசர். லிக்விட் கூலர் வாங்கவா?

65 வாட் ப்ரொசெசருக்கா? வேண்டாம். நாலு ஹீட் பைப்பும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள டவர் கூலர் போதும். கணினிக் கடைகள் உள்ள யுனிட்டி பிளாஸா பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், நடந்து போய் விலை கேளுங்கள். உங்கள் சொக்கெட்டுக்குரிய பிராக்கெட் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்து, கூலர் உள்ளே அடங்குமா என்று தெரிய கேசிங்கின் அகலத்தையும் அளந்துகொண்டு போய் வாங்குங்கள்.