பெனின் எந்த நாட்டில் இருக்கிறது?

கேள்வி: கலை வரலாற்றுத் தேர்வுக்குப் பெனின் வெண்கலத் தகடுகளை எப்படிப் படிப்பது? எல்லாம் ஒன்றுபோலத் தெரிகின்றனவே!
– மாணவி, கும்பகோணம்

பதில்: பலர் சறுக்குவது ஊரில்தான். இது பெனின் குடியரசு என்ற தனி நாடு அல்ல. இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரம். ‘வெண்கலம்’ என்பதும் பழகிப்போன பெயரே, பெரும்பாலானவை பித்தளை. மெழுகில் உருச்செய்து, களிமண் பூசிச் சுட்டு, மெழுகு வடிந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றினார்கள். (சுவாமிமலை பக்கம்தானே, இதே மெழுகு முறையில் சிலை வார்க்கும் பட்டறையை ஒருநாள் பார்த்துவிடுங்கள்.)

தகட்டில் உருவங்களின் அளவைக் கவனியுங்கள். நடுவில் பெரிதாக நிற்பவர் ஒபா, அதாவது மன்னர், அல்லது உயர்நிலைத் தலைவர். ஏவலர்கள் சிறிதாக இருப்பது தூரத்தால் அல்ல, தகுதியால். மோவாய்வரை அடுக்கிய பவள மாலை அரசச் சின்னம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வார்த்த இத்தகடுகள் அரண்மனைத் தூண்களை அலங்கரித்தவை. 1897இல் பிரிட்டிஷ் படை அவற்றைக் கொள்ளையடித்ததையும் எழுதுங்கள்.